விசா கிடைத்த பின்னரே செலவு தொடங்குகிறது: மெல்பர்ன் செல்லும் மாணவர் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

ஆஸ்திரேலிய மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலை 1ஆம் தேதி 710 டாலரிலிருந்து 1,600 டாலராக உயர்ந்தது. அடுத்த ஆண்டே, 2025 ஜூலை 1ஆம் தேதி, அது 2,000 டாலரானது. ஓர் ஆஸ்திரேலிய டாலர் 2 ரிங்கிட் 80 சென் என்று வைத்துக்கொண்டால் இது 5,600 ரிங்கிட். விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

இந்தக் கட்டண உயர்வு பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் தோட்டத்திலிருந்தும் சிறு நகரத்திலிருந்தும் பிள்ளையை அனுப்பும் குடும்பத்தைத் தடுமாற வைப்பது விசா கட்டணமல்ல. பிள்ளை அங்கே போய் இறங்கிய பிறகு வரும் முதல் மூன்று மாதங்களே அவர்களைச் சோதிக்கின்றன.

காட்டிய பணமும் கையில் உள்ள பணமும்

2024 மே 10 முதல் மாணவர் ஒருவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய அரசின் விதி. அது ஏறத்தாழ 83 ஆயிரம் ரிங்கிட். கல்விக் கட்டணமும் விமான டிக்கெட்டும் இதில் சேராது. பல பட்டப்படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணமே 30 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. வெளிநாட்டு மாணவருக்கான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.

இந்தத் தொகையை உறவினரிடம் கைமாற்றாக வாங்கிச் சில வாரம் வங்கியில் வைத்துக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே புதிதல்ல. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பதுதான் தவறு. அங்கே ஓராண்டு வாழ ஆகும் செலவுக்காகவே அந்தத் தொகை கேட்கப்படுகிறது. பணம் கடன்காரரிடம் திரும்பிப் போய்விடும். செலவு பிள்ளையோடு விமானம் ஏறும். பொய்யான தகவல் கொடுத்தது தெரிய வந்தால் விசாவும் ரத்தாகலாம்.

முதல் மாதத்தில் என்ன ஆகிறது?

அறை வாடகை வாரத்துக்கு 300 டாலர் என்று எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு அது 1,300 டாலர். வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும் இன்னொரு மாதத்தை முன்பணமாகவும் கேட்டால், சாவி கைக்கு வருவதற்குள் 2,600 டாலர் போய்விடும். நம் பணத்தில் 7,280 ரிங்கிட். மெத்தை, போர்வை, சட்டி பானை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜூலையில் படிப்பைத் தொடங்குபவர் நடுக் குளிர்காலத்தில் போய் இறங்குகிறார். சுங்கை சிப்புட்டிலோ பத்து பகாட்டிலோ வளர்ந்த பிள்ளைக்குக் குளிருடை ஒரு தனிச் செலவு. மெல்பர்ன் நகர மையத்துக்குள் டிராம் இலவசம். ஆனால் வாடகை குறைந்த இடங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. உள்நாட்டு மாணவருக்கான பயணச் சலுகை வெளிநாட்டு மாணவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

வாடகை விஷயத்தில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. விக்டோரியா மாநிலத்தில் முறையான வாடகை ஒப்பந்தத்தின்கீழ் பெறும் வைப்புத்தொகையை வீட்டுக்காரர் தம்மிடமே வைத்துக்கொள்ள முடியாது. 10 வேலை நாட்களுக்குள் அரசின் வாடகை வைப்புத்தொகை ஆணையத்தில் செலுத்திவிட வேண்டும். பணம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதை மாணவரே சரிபார்க்கலாம். குடியேறும் நாளில் சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தால், வெளியேறும்போது பழைய கீறலுக்குப் புதிய பழி வராது. அறையைப் பார்க்காமல், இணையத்தில் வந்த படத்தை நம்பி இங்கிருந்தே பணம் அனுப்பக்கூடாது. மோசடி நடப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ நம்பகமான உறவினர் வீட்டிலோ தங்கி, பிறகு நேரில் பார்த்து அறை பிடிப்பதே பாதுகாப்பானது.

‘வேலை செய்து சமாளித்துக்கொள்வான்’

பெற்றோர் அதிகம் நம்பியிருக்கும் வாக்கியம் இது. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2023 ஜூலை 1 முதல், படிப்புக் காலத்தில் மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். பாடம் தொடங்குவதற்கு முன் வேலையில் சேரவே முடியாது. 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர். புதிதாக வந்தவருக்கு வாரத்துக்கு 15 மணி நேர வேலை கிடைத்தால் வரிக்கு முன் 374 டாலர் வரும். அதில் 300 டாலர் வாடகைக்குப் போனால், சாப்பாடு, பயணம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 74 டாலர். இதிலிருந்து கல்விக் கட்டணம் கட்டுவது நடக்காத காரியம். அந்த வேலையும் முதல் வாரமே கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அவசரத்தில் இருக்கும் மாணவர்தான் ‘கையில் பணம், கணக்கில் வேண்டாம்’ என்று சொல்லும் முதலாளியிடம் குறைந்த கூலிக்குப் போய்ச் சேருகிறார். முதலாளி நம் இனத்தவராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலை 1 முதல் அங்கே குற்றம். சம்பளக் குறைபாட்டை ‘ஃபேர் வொர்க்’ அலுவலகத்தில் புகார் செய்யலாம். வரி எண்ணை அரசின் வரி அலுவலகத்தில் இலவசமாகப் பெறலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

பாடமும் தனிமையும்

வேலைக்குப் பின்னால் ஓடி வகுப்பைத் தவறவிடும் மாணவருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தேர்ச்சி தொடர்ந்து குறைந்தால், எச்சரிக்கைக்குப் பிறகு பல்கலைக்கழகம் அதைக் குடிநுழைவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. அது விசாவையே பாதிக்கலாம். பாடம் புரியவில்லை என்றால் முதல் தவணையிலேயே கேட்டுவிட வேண்டும். கட்டுரை எழுதப் பயிற்சி, மனநல ஆலோசனை, அவசர நிதி உதவி ஆகியவை பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. கேட்டு வருபவருக்குத்தான் அவை கிடைக்கும்.

நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குகிறார்கள். வீட்டில் பட்ட கடன் தெரியும் என்பதால் அம்மாவிடமும் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்கிறார்கள். பிப்ரவரியில் இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே அதிகாலை 1 மணி. வேலை முடிந்து அப்பா அழைக்கும் நேரத்தில் பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பேசும். வாரத்தில் ஒரு நாள், இரு பக்கமும் அவசரமில்லாத ஒரு நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. ‘சாப்பிட்டியா’ என்பதோடு நிறுத்தாமல், ‘கையில் எத்தனை வாரத்துக்குப் பணம் இருக்கு’ என்றும் கேட்க வேண்டும்.

மெல்பர்னில் தமிழர் இல்லாமல் இல்லை. கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு ஆலயம் இருக்கிறது. டேண்டினோங் பக்கம் நம் மளிகைச் சாமான் கிடைக்கும். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கின்றன. தனிமை குறைய இவை உதவும்; வாடகைப் பணத்துக்கு இவற்றை நம்பிப் போகக்கூடாது.

போகும் முன் முடிவு செய்ய வேண்டியவை

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டில் படிப்பவருக்கு மட்டுமே. அதனால் பல பெற்றோர் ஊழியர் சேமநிதியின் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள். முதுமைக்கு இருந்த பணம் அது. ஆகவே எடுப்பதற்கு முன், அந்தப் பட்டத்துக்கு மலேசியாவில் அங்கீகாரம் உண்டா என்று பார்த்தாக வேண்டும். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் இது மிக முக்கியம்.

மோனாஷ் பல்கலைக்கழகம் 1998 முதல் மலேசியாவிலேயே வளாகம் நடத்துகிறது. ஸ்வின்பர்ன் கூச்சிங்கில் இருக்கிறது. முதல் ஆண்டுகளை இங்கே படித்து, ஒரு தவணையையோ கடைசி ஆண்டையோ அங்கே முடிக்கும் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆலய நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் வெளிநாடு செல்லும் பிள்ளைக்கு மாலை போட்டு ஊக்கத்தொகை கொடுப்பது நல்ல வழக்கம். அந்தத் தொகையில் பாதியை மேடையில் கொடுத்துவிட்டு, மறுபாதியைப் பிள்ளை அங்கே சென்ற மூன்றாம் மாதத்தில் அனுப்பினால் பயன் இன்னும் அதிகம். கைப்பணம் தீர்ந்து, முதல் தேர்வும் நெருங்கி வரும் நேரம் அதுதான்.