வளைகோட்டிலிருந்து பரவற்படி எடுப்பதை நிறுத்துவோம்

மொழியியல் ஆய்வுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவருகிறது. உயிரொலிகளின் கால அளவை மில்லிநொடியில் அளக்கிறார்கள். கர்னல் முறையில் அடர்த்தி வளைகோடு வரைகிறார்கள். பிறகு அவ்வளைகோட்டைத் தொகையீடு செய்து சராசரி, பரவற்படி, கோட்டம் ஆகியவற்றை அட்டவணையில் இடுகிறார்கள். அளந்த எண்கள் கையிலிருக்க, அவற்றின் நிழலை அளப்பானேன்?

ரோசன்பிளாட் 1956இலும் பார்சன் 1962இலும் முன்வைத்த இம்முறை, ஒவ்வொரு தரவுப் புள்ளியின்மீதும் ஒரு சிறு குன்றை வைத்து அனைத்தையும் சேர்க்கிறது. குன்று சமச்சீரானது என்பதால் சராசரி மாறுவதில்லை. ஆனால் காஸியன் குன்றாயின், தரவின் பரவற்படியோடு பட்டை அகலத்தின் வர்க்கம் முழுமையாகக் கூடிவிடும். மூன்றாம் மொமெண்டு மாறாது. பரவற்படி பெருத்துவிட்டதால் கோட்டம் மட்டும் சுருங்கும்.

வளைகோடு இரைச்சலைக் குறைக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். கண்ணுக்கு அப்படித் தோன்றலாம். கணக்கிலோ, ஒவ்வோர் அளவீட்டோடும் ஒரு புதிய தற்செயல் பிழையைக் கூட்டியதற்கு அது சமம்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் வழங்குகின்றன. ஒரு சிறு சமூகத்தின் பேச்சிலிருந்து 30 அளவீடுகளும் மலையாளத்திலிருந்து 1000 அளவீடுகளும் கிடைத்ததாகக் கொள்வோம். இரண்டின் பரவலும் ஒன்றே என்றும் கொள்வோம். பரவலாகக் கையாளப்படும் சில்வர்மன் விதி, பட்டை அகலத்தைத் திட்ட விலக்கத்தின் 1.06 மடங்காக எடுத்து, அளவீட்டு எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுக்கிறது. அதன்படி மலையாளத்தின் பரவற்படி 7 விழுக்காடு பெருக்கும். சிறு சமூகத்தின் பரவற்படியோ 29 விழுக்காடு பெருக்கும். அதன் கோட்டமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். உடனே, 'இவர்களின் உச்சரிப்பு நிலையற்றது, மொழி தேய்கிறது' என்று முடிவுரை எழுதப்படும். தேய்வு பேச்சில் இல்லை, பட்டை அகலத்தில் இருக்கிறது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்தது. இரண்டையும் ஒரே தரவாக்கி அதே விதியைப் பொருத்தினால், பட்டை மிகைபட அகன்று, இரு முகடுகளுக்கிடையே உள்ள பள்ளம் தூர்ந்துபோகலாம். அதைக் கண்டு குறில் நெடில் வேறுபாடு மறைந்தது என்பது ஆய்வாகாது.

வளைகோடு படத்துக்கு உரியது. பரவலின் வடிவைக் காட்ட அதைவிட நல்ல கருவி அரிது. மொமெண்டுகளை மூலத் தரவிலிருந்தே கணக்கிடுங்கள். வளைகோடு மட்டுமே கிடைக்கும் இடத்தில் பட்டை அகலத்தின் வர்க்கத்தைப் பரவற்படியிலிருந்து கழியுங்கள். பட்டை அகலத்தைக் குறிப்பிடாத ஆய்வேட்டை, நெறியாளர்களே, திருப்பி அனுப்புங்கள். முப்பது பேர் பேசும் மொழிக்கும் ஆயிரம் பேர் பேசும் மொழிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதே கோரிக்கை.