வாட்ச்மேனிடம் சாவி போன கதை

ஆன்டிவைரஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போன் போட்டுச் சண்டைக்கு வருவீர்கள். என் வழக்கு வேறு. நாம் சம்பளம் கொடுத்து வைத்த வாட்ச்மேன், நம்மைக் கேட்காமல் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். ஏனப்பா திறக்கவில்லை என்றால் கதவு சரியில்லை என்கிறான். இதற்கு வருடா வருடம் ரெனியூவல் வேறு!

எங்கள் பென்ஷனர் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடு டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் இருக்கிறது. உறுப்பினர் காலமானால் குடும்பத்துக்கு உதவித்தொகை தர, அவர் எப்போது சேர்ந்தார், யாரை நாமினியாகப் போட்டார் என்று அதில்தான் பார்க்க வேண்டும். இப்போதைய 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் ஓடாது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய எக்ஸ்பியை வைத்து ஓட்டுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். இதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள்.

சென்ற வருடம் ஆன்டிவைரஸைப் புதுப்பித்த மறுநாள் அந்த எக்ஸ்பி எழுந்திருக்க மறுத்தது. வி.டி.எக்ஸை வேறொரு ஹைபர்வைசர் பயன்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். வி.டி.எக்ஸ் என்பது விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே இன்டெல் 2005 முதல் பிராசசரில் சேர்த்த வசதி. அதைக் கையாளும் மென்பொருள்தான் ஹைபர்வைசர். அடுப்பு ஒன்று, சமையல்காரர் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிடித்துக்கொண்டால் மற்றவருக்கு இடமில்லை. சந்தேகமான புரோகிராமைத் தனியே அடைத்துச் சோதிக்கவும், தன்னையே காத்துக்கொள்ளவும் சில ஆன்டிவைரஸ்கள் அந்த அடுப்பைப் பிடித்துக்கொள்கின்றன.

எடுத்துக்கொள்ளட்டும். கேட்டுவிட்டு எடுத்தால் என்ன? சலுகை விலைக்குத் தினம் மூன்று கட்டம் காட்டத் தெரிந்த மென்பொருளுக்கு, "உங்கள் விர்ச்சுவல் மெஷின் இனி ஓடாது, சம்மதமா?" என்று ஒரு கட்டம் காட்டத் தெரியாதா? பச்சை டிக் போட்டு, எல்லாம் பத்திரம் என்று சிரித்துக்கொண்டிருந்தது. கணவரை இழந்த ஓர் அம்மா நான்கு நாள் சங்க அலுவலகத்துக்கு நடந்தார்.

கடையில் கேட்டேன். "எக்ஸ்பியா சார், இன்னுமா? தூக்கிப் போடுங்க" என்றார் அந்தத் தம்பி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியது எனக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்து, "அப்போ ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க" என்றார். ஓர் அறைக் கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டின் காம்பவுண்டு சுவரை இடிப்பார்களா?

செய்ய வேண்டியது சின்ன வேலை. சில ஆன்டிவைரஸ்களின் செட்டிங்கில் ஹார்டுவேர் அசிஸ்டட் விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். அந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மற்ற காவல் எல்லாம் அப்படியே நடக்கும். எனக்கு இதில்தான் தீர்ந்தது. ஆனால் அந்த வரி நான்கு மெனுக்களுக்குக் கீழே புதைந்து கிடந்தது. ரெனியூவல் பட்டன் மட்டும் முதல் பக்கத்திலேயே.

ஓடுகிறது, ஆனால் நகர்கிறது என்றால் காரணம் வேறு. விர்ச்சுவல் மெஷினின் ஹார்டு டிஸ்க் முழுவதும் நம் கம்ப்யூட்டரில் ஒரே பெரிய ஃபைல். உள்ளே ஓர் எழுத்து அடித்தாலும் அந்த ஃபைல் மாறும். மாறும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் அதை நோண்டிப் பார்க்கும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷனில் சேர்த்தால் போதும். தன் ஹைப்பர்-வி பயன்படுத்துகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டே இதைத்தான் சொல்கிறது. ஆனால் டவுன்லோட் ஃபைல்களை அந்த ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள், அங்கே காவல் இல்லை.

"பாதுகாப்புக்காகத்தானே சார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா" என்று கேட்கும் நண்பர்களுக்கு இரண்டு தேதிகள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அப்டேட், எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, எத்தனையோ அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரின் அடிமடி வரை கைவிடும் உரிமை உள்ளவன் தவறினால் சேதமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் கேட்டுவிட்டுச் செய் என்கிறேன்.

மைக்ரோசாஃப்டும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் ஓடும்போது அதே அடுப்பை விண்டோஸே வைத்துக்கொள்கிறது. புதிய விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடும், மெதுவாக. அப்போது ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரியும். எனக்கு அந்த ஆமையைப் பிடித்திருக்கிறது. வேகம் குறைந்தது என்று நேர்மையாகச் சொல்கிறதே! ஃபாக்ஸ்புரோவுக்கு ஆமை வேகமே தாராளம்.

ரெனியூவலுக்கு 40 நாள் இருக்கிறது என்று நேற்று சிவப்புக் கட்டம் வந்தது. இந்த முறை கட்டப் போவதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை வைத்துக்கொள்ளப் போகிறேன். மிச்சப் பணம் சங்கத்துப் பிரிண்டருக்கு டோனர் வாங்க ஆகும்.