முதலில் நாய்க்கு, பிறகு நமக்கு

பனிமலையில் நாய்வண்டி ஓட்டப் போகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வண்டியை நிறுத்தும் முறையைத்தான். ஓடுவது நாய்களின் பாடு. அதற்குப் பாடம் தேவையில்லை. வாரைப் பூட்டியதும் அவை குரைக்கிற குரைப்பில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேளாது. சறுக்குவண்டியின் பின்னால் நின்று பிரேக்கை மிதித்தபடி இருக்க வேண்டும். இறங்குவதானால் இரும்பு நங்கூரத்தைப் பனியில் குத்தி இறுக்க வேண்டும். நங்கூரம் என்றதும் தீவுக்காரியான எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

இடம், நோர்வேயின் வடகோடியான பின்மார்க். எண்பதுகளில் நம் பிள்ளைகள் பலர் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்ச் சேர்ந்த மாநிலம். அங்கே அல்ட்டா நகரில் 1981இல் தொடங்கிய நாய்வண்டிப் பந்தயத்தின் நீண்ட பாதை இன்று ஆயிரம் கிலோமீற்றரைத் தாண்டும். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. "குஞ்சம்மா, பயப்படாதேங்கோ. வழிகாட்டி முன்னுக்குப் போவா, உங்கட நாயள் பின்னால தானா ஓடும்" என்று பெறாமகள் மலைமேட்டுக்குக் கூட்டிப்போனாள். அப்படியே ஓடின. முன்னால் பூட்டியவை வழி பிடிக்கும்; வண்டியை ஒட்டி நிற்பவை பாரம் இழுக்கும் பலசாலிகள். ஏற்றத்தில் நாமும் ஒரு காலால் உந்த வேண்டும். சும்மா நின்றால் நாய் திரும்பிப் பார்க்கும், என் மாமியார் பார்த்த அதே பார்வை.

திரும்பியதும் தேநீர் வரும் என்று நினைத்தேன். வழிகாட்டியோ நாய்களின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலிடுக்கில் பனிக்கட்டி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இறைச்சி கலந்த வெந்நீர் வைத்தார். எங்கள் முறை அதற்குப் பிறகுதான். பனி சில மாதம். தீன் பன்னிரண்டு மாதமும். நாங்கள் கொடுத்த காசு எங்கே போகிறது என்று அப்போது விளங்கியது.

எங்கள் நெடுந்தீவுக்கும் ஆட்கள் கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்க்க வருகிறார்கள். குறிகட்டுவானில் படகேறி, துறையில் ஓட்டோ பிடித்து, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, குதிரை என்று ஒரே ஓட்டமாகச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு பின்னேரப் படகில் போய்விடுகிறார்கள். 2015இல் தேசியப் பூங்கா என்ற அறிவிப்பும் வந்தது. ஆனாலும் கோடை நீண்டால் தரவையில் தண்ணீர் வற்றி, குதிரைகள் விழுந்து சாகின்றன. ஊர்ச்சனமே நல்ல தண்ணீருக்கு அலைகிற காலத்தில் குதிரைக்கு யார் அள்ளி ஊற்றுவது?

அந்தக் குதிரைகளைப் பிடித்து வண்டியில் பூட்டச் சொல்லவில்லை. அவை அவிழ்த்துவிட்டபடியே திரியட்டும். ஓட்டோ ஓட்டும் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், குட்டியோடு நிற்பதை ஏன் விரட்டக் கூடாது என்று அவர்கள் வருகிறவருக்குச் சொல்லட்டும். தலைக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கி, அதைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கோடையில் வரும் பவுசருக்கும் என்றே ஒதுக்கலாம். தொட்டி நிரம்பிய பிறகு படம் பிடிக்கலாம். குதிரை உயிரோடு நின்றால்தானே படம்!