முதல் நாள் நிற்க ஓர் இடம்

பல்கலைக்கழக உடற்பயிற்சிக்கூடத்துக்குள் முதன்முறை நுழையும் ஆய்வு மாணவர் பலர் நேராக ட்ரெட்மில்லுக்குச் செல்கின்றனர். இருபது நிமிடம் நடந்தபின், எடைகள் அடுக்கப்பட்டுள்ள பக்கம் திரும்பியும் பாராமல் வெளியேறுகின்றனர். சில வாரங்களில் அந்த நடையும் நின்றுவிடுகிறது. இதனைச் சோம்பல் என்றோ மனவுறுதிக் குறைவு என்றோ சொல்லிக் கடப்பது வழக்கம். ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கூச்சமே. அக்கூச்சத்தின் ஒரு பகுதி மனத்திலும் மறுபகுதி அக்கூடத்தின் நடைமுறையிலும் இருக்கிறது.

மனத்தைச் சார்ந்த பகுதிக்கு உளவியல் விடை தந்திருக்கிறது. தாமஸ் கிலோவிச்சும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்றில், பாடகர் பாரி மனிலோவின் படம் பொறித்த, அணியவே கூச்சம் தரும் டி-சர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்துப் பிறர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பர் என அணிந்தவர்கள் கணித்தனர். கவனித்தவர்களோ கால்பங்கினரே. கண்ணாடி சூழ்ந்த கூடத்திலும் ஒவ்வொருவரும் தத்தம் எண்ணிக்கையிலேயே மூழ்கியிருக்கின்றனர்.

எனினும் கூச்சம் முழுவதும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. நன்கு பழகிய செயலைப் பிறரது முன்னிலை மேம்படுத்தும். புதிதாகக் கற்கும் செயலைக் குலைக்கும் என்று ராபர்ட் சையோன்ஸ் 1965இல் விளக்கினார். நெரிசல் மிக்க மாலை வேளையில் புதியவரின் கை தடுமாறுவதற்கு இதுவே காரணம். ஆகவே முதல் மாதம் ஆளரவம் குறைந்த நேரத்தைத் தேர்ந்துகொள்வதைக் கோழைத்தனமாகக் கருத வேண்டியதில்லை. அது கற்கும் முறையின் ஒரு பகுதி.

எடை குறைவாக இருக்கிறதே என்ற வெட்கமும் தேவையற்றது. தொடக்க வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பங்கு, நரம்பு மண்டலம் தசைகளை ஒருங்கிணைத்து இயக்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை பருப்பது பின்னர்தான். ஒலிம்பிக் போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் பார்பெல்லின் வெறுங்கம்பியே 20 கிலோ, மகளிர் பயன்படுத்துவது 15 கிலோ. அதைத் தூக்க இயலாதவர் சிறு டம்பெல்லோடு தொடங்குவது, எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போன்ற இயல்பான முதற்படி.

நடைமுறையைச் சார்ந்த பகுதியைப் புரிந்துகொள்ள வட இந்தியாவின் அகாடாக்கள் உதவும். அங்கே மல்லுக்கு வரும் புதியவர், தொடக்கத்திலிருந்தே மற்றவர்களோடு சேர்ந்து மண்வெட்டியால் களத்து மண்ணைக் கொத்திப் பதப்படுத்துகிறார். தண்டாலும் பைட்டக்கும் எடுக்கிறார். குருவின் கண்காணிப்பில் இருக்கிறார். ஏதும் அறியாதவருக்கும் அங்கே ஒரு வேலையும் நிற்க ஓர் இடமும் உண்டு. அகாடா குறையற்றதென்று இதற்குப் பொருளில்லை. அதன் கதவு பெண்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. ஆயினும் புதியவரை வரவேற்கும் முறையொன்று அதனிடம் இருந்தது. நவீன ஜிம்மில் அந்த இடத்தைக் கட்டண ரசீது பிடித்துக்கொண்டுள்ளது.

இது அற்ப விஷயமன்று. 2022இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெண்களில் அது 57 விழுக்காடு, ஆண்களில் 42. வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. முனைவர் பட்டத்துக்காக ஐந்தாறு ஆண்டுகள் நாற்காலியில் கழிப்போருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

நூலகத்தைப் பயன்படுத்தப் புதிய மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு நடத்தும் கல்வி நிறுவனம், உடற்பயிற்சிக்கூடத்துக்கும் அதைச் செய்யலாம். தொடக்கநிலையினருக்கென வாரத்தில் சில மணிநேரம், ஒவ்வொரு கருவியின் அருகிலும் அதன் பெயரும் பயன்பாட்டு முறையும் எழுதிய பலகை, ஒரு பெண் பயிற்றுநர் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல. மகளிர் நேரம் ஒதுக்கப்படுமானால், அது ஆய்வக வேலையோடு மோதாத வேளையாக அமைய வேண்டும். நண்பகலில் ஒதுக்குவது கணக்குக்கு மட்டுமே உதவும்.

மாற்றம் வரும்வரை புதியவர் செய்யக்கூடியது: மூன்று நான்கு பயிற்சிகளை மட்டும் தாளில் குறித்துச் செல்வது, பெஞ்சில் இருப்பவரிடம் “இன்னும் எத்தனை செட் இருக்கிறது?” என்று கேட்பது, பயன்படுத்திய எடையை எடுத்த இடத்திலேயே வைப்பது. பழகியவர்களின் கடமை இன்னும் எளிது. கருவியின் முன் திகைத்து நிற்பவரிடம், அவர் கேட்டால் காட்டிக்கொடுப்பது. கேட்காதவரைத் திருத்த முனையாமலும் படம் பிடிக்காமலும் இருப்பது. கருத்தரங்கில் முதற்கட்டுரை வாசிப்பவருக்கு மூத்த ஆய்வாளர்கள் காட்டவேண்டிய அதே பெருந்தன்மைதான் இங்கும் வேண்டப்படுகிறது.