சுறாவைக் கட்டும் மந்திரமா, மச்சான் பிடிக்கும் கயிறா? மாயப் பொருளுக்கு மார்க் போடலாம் வாங்க!

டைஸ் உருட்டிக் கதை ஆடும் குழுக்களில் பெரிய சண்டை எப்போது வரும் தெரியுமா? ராட்சசனைக் கொன்று முடித்த பிறகுதான். புதையல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மந்திர வாள், ஒரு பறக்கும் துடைப்பம், பார்க்க ரொம்பச் சாதாரணமாக ஒரு துணிப்பை. யாருக்கு எது? அரை மணி நேரம் பஞ்சாயத்து ஓடும். டீ ஆறிப்போகும்.

இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு எழுதப் பார்ப்போம். ஒரு மாயப் பொருள் உண்மையிலேயே உபயோகமா, வெறும் ஜிகினாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த விளையாட்டே புதிது என்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக் கத்தி ஆடுவார்களே, அதுதான் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று சொன்னால் போதாது, உடைந்ததா இல்லையா என்பதை டைஸ் சொல்லும்.

தூத்துக்குடிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கையில் கிடைத்த மாயப் பொருள் என்ன செய்யும் என்று உடனே தெரிந்துகொள்ள அந்த விளையாட்டில் 'ஐடென்டிஃபை' என்று ஒரு மந்திரம் உண்டு. அதைச் சொல்ல ஓர் ஆந்தை இறகு வேண்டும்; கூடவே 100 பொற்காசு மதிப்புள்ள ஒரு முத்தும் வேண்டும். ஆக, மாயப் பொருளை எடைபோடும் வேலையே முத்தில்தான் ஆரம்பிக்கிறது. நாமும் முத்துநகரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அரிதாக இருந்தால் போதுமா?

2014-ல் வந்த ரூல் புக், மாயப் பொருட்களைச் சாதாரணம், கொஞ்சம் அரிது, அரிது, மிக அரிது, புராண ரகம் என்று படிப்படியாக அடுக்குகிறது. படி ஏற ஏற விலையும் ஏறும். புதிதாக ஆடுபவர்கள் இதையே மார்க் ஷீட் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆனால், பறக்கும் துடைப்பம் இரண்டாவது படியில் இருக்கிறது. ஒரே ஒரு மணி நேரம் பறக்க வைக்கும் மருந்து நான்காவது படியில்! துடைப்பத்தில் தினமும் பறக்கலாம், 400 பவுண்டு சுமையும் ஏற்றலாம். மருந்தைக் குடித்தால் குப்பி காலி. எத்தனை அரிது என்பது ஒரு கணக்கு, எத்தனை உபயோகம் என்பது வேறு கணக்கு.

நம் கடற்கரையில் இதற்கு வலம்புரிச் சங்கு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்குகளில் மிக மிகப் பெரும்பாலானவை ஒரே பக்கமாகச் சுழலும். எப்போதாவது ஒன்று எதிர்ப்பக்கம் சுழன்று கிடைக்கும். அதற்குத்தான் அத்தனை விலை. அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுழலும் வேறு இனச் சங்கை 'வலம்புரி' என்று விற்று ஏமாற்றுபவர்களும் உண்டு. பூஜையறையில் வலம்புரிக்கு இருக்கும் மரியாதையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் குகைக்குள் போகிற ஆள் தோளில் என்ன சுமக்க வேண்டும் என்று கேட்டால், அங்கே சுழல் எந்தப் பக்கம் என்பது கேள்வியே இல்லை.

நூறு சிப்பிக்கு ஐந்து

இப்போது நிஜமாகவே காசு கொடுத்து வாங்கிய மந்திரத்துக்கு வருவோம்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பதைப் பற்றி விவரமாகச் சொல்லியிருக்கிறார். கடலுக்குள் இறங்குபவர்களைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரம் போட்டுக் கட்டுவதற்குத் தனி ஆட்கள் இருந்தார்களாம். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரம் போட்டவருக்கு. அதாவது நூறு சிப்பி எடுத்தால் பத்து அரசாங்க வரி, ஐந்து மந்திரச் செலவு.

அந்த மந்திரத்தின் விதி இன்னும் சுவாரஸ்யம். பகலில் மட்டும்தான் அது வேலை செய்யும். ராத்திரி அதை அவிழ்த்துவிடுவார்கள். எதற்கு? அவருடைய பயணநூலின் ஒரு பிரதியில் காரணமும் இருக்கிறது: ராத்திரியில் திருட்டுத்தனமாக யாரும் இறங்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாது! பகலில் பாடிகார்டு, ராத்திரியில் வாட்ச்மேன். 'ஒரு நாள் செல்லும், பொழுது சாய்ந்தால் தீரும், விலை 5 சதவிகிதம்' என்று அப்படியே ரூல் புக்கில் அச்சடிக்கலாம்.

இந்த வேலை போலோவோடு முடியவில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் கடல்கட்டிகள் இருந்தார்கள். கடலைக் கட்டுபவர் என்று பொருள். இலங்கையின் காலனி அரசில் உயர் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மன்னார் கடலோரத்தில் இருக்கும் அரிப்புக்குப் போனபோது, பரம்பரைக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆள் வந்திருந்தார். "எனக்கு அந்த ரகசியம் தெரியாது. ஆனால் பெரியவர் அனுப்பிய ஆள் என்பதால் சுறாக்கள் எனக்கும் மரியாதை கொடுக்கும்" என்கிற அர்த்தத்தில் அவர் பேசியதை டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் ஒரு நிமிடம். மந்திரத்தில் நம்பிக்கையே இல்லாத அந்த ஆங்கிலேய அரசுதான் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. காரணம், கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் ஆட்கள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். ஆட்கள் இறங்காவிட்டால் முத்து இல்லை, வருமானம் இல்லை. சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, பயம் கட்டுப்பட்டது. ஐந்து சிப்பி அதற்கான விலை.

மேலே நிற்கிற ஆள்

மந்திரம் ஆளைக் கடலுக்குள் அனுப்பியது. திரும்பக் கொண்டுவந்தது எது?

முத்துக் குளிப்பவரின் சாமான்கள் மிகக் குறைவு. சட்டென்று ஆழத்துக்கு இழுத்துச் செல்ல ஒரு கல், சிப்பி போட ஒரு வலைப்பை, கயிறு. கல்லில் கால் வைத்து இறங்குவார். அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கயிற்றை இழுத்து சைகை கொடுத்தால் மேலே வள்ளத்தில் நிற்பவர் தூக்க வேண்டும். அந்த ஆள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கச்சி கழுத்துத் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் தொங்குகிறது என்று மச்சானுக்குத் தெரியும்!

இந்தக் கயிற்றில் மாயம் எதுவும் இல்லை. கடையில் வாங்கிய சாதாரணக் கயிறு. ஆனால் அதைப் பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் உயிர். மந்திரமும் அப்படித்தான்: நம்புகிற ஆள் இருந்தால்தான் அதற்கு வேலை. பொருளின் சக்தி பொருளுக்குள் இருக்கலாம். அதன் உபயோகம் சுற்றி நிற்கும் மனிதர்களிடம் இருக்கிறது.

இதை நம் பழைய கதை ஒன்று இன்னும் கறாராகச் சொல்கிறது. எடுக்க எடுக்கச் சோறு குறையாத அமுதசுரபியை மணிமேகலை கையில்தான் பலருக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அது ஆபுத்திரனிடம் இருந்தது. கொற்கைக்குப் பக்கத்தில் பிறந்து, பெற்ற தாயே விட்டுப்போன பிள்ளை அவன். மதுரையில் பசித்தவர்களுக்கெல்லாம் அந்தப் பாத்திரத்தால் சோறு போட்டான். பிறகு மழை பெய்து நாடு செழித்தது. சாப்பிட வர ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு, கையில் உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம். ஊட்ட ஒரு வாய் இல்லை. அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, தான் மட்டும் சாப்பிட மனமில்லாமல் பட்டினி கிடந்து உயிரை விட்டான்.

பாத்திரத்தின் சக்தி ஒரு துளிகூடக் குறையவில்லை. உபயோகம் மட்டும் பூஜ்யமாகிவிட்டது.

சரி, மார்க் போடுவோம்

அடுத்த முறை பெட்டி திறக்கும்போது ஒவ்வொரு பொருளிடமும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒரு மாலை ஆட்டத்தில் எத்தனை முறை கை அதைத் தேடும்?

2. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வேலை தாமதமாகுமா, ஆள் திரும்பி வரமாட்டாரா?

3. உண்மையான விலை என்ன? காசு மட்டும் விலை கிடையாது. பல பொருட்களை உங்கள் பாத்திரத்தோடு பிணைத்தால்தான் வேலை செய்யும். ஒருவர் ஒரே சமயம் மூன்றைத்தான் பிணைத்துக்கொள்ளலாம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றுக்கு இடம் போச்சு.

4. மேசையில் இருக்கும் எத்தனை பேருக்கு அது வேலை கொடுக்கிறது?

நான்காவதுக்கு டபுள் மார்க். உதாரணத்துக்கு 'அப்பரேட்டஸ் ஆஃப் குவாலிஷ்'. புராண ரகம். பத்து நெம்புகோல்களோடு, ராட்சச சிங்கி இறால் வடிவத்தில் ஓர் இரும்பு நீர்மூழ்கி! தூத்துக்குடிக் கடலில் ஒரு கதை ஆடினால் இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. ஆனால் உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம். ஐந்து பேர் ஆடினால் மூன்று பேர் கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட வேண்டியதுதான்.

அதே பெட்டியில் கிடந்த துணிப்பையைப் பாருங்கள். 'பேக் ஆஃப் ஹோல்டிங்', இரண்டாவது படிதான். 500 பவுண்டு சாமான் உள்ளே போகும், ஆனால் தோளில் எப்போதும் 15 பவுண்டு கனம்தான். பிணைக்கவும் தேவையில்லை. சிப்பி எடுப்பவர், சுமப்பவர், பேரம் பேசுபவர், "இதற்குள் யாரையாவது ஒளிக்கலாமா?" என்று விபரீதமாக யோசிக்கும் கடைக்குட்டி என எல்லோருக்கும் அதில் வேலை இருக்கிறது. என் தீர்ப்பு பைக்குத்தான்.

வீட்டில் ரூல் புக் இல்லையா? லீவு நாளில் தாயக்கட்டையை வைத்தே ஆடிப் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கதை சொல்லட்டும். இடம், கொற்கைத் துறைமுகம். பொருட்கள் இரண்டே இரண்டு. ஒன்று கடல்கட்டியின் மந்திரம்: அது இருந்தால் பயமில்லாமல் இறங்கலாம், பொழுது சாய்ந்தால் தீர்ந்துவிடும், எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு போய்விடும். இன்னொன்று கயிறு: இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பிடிக்க வேண்டும், பிடிப்பவர் அந்தச் சுற்றில் சிப்பி எடுக்க முடியாது. அவ்வளவுதான் விதி. தனக்குக் கிடைக்க வேண்டிய சிப்பியை விட்டுவிட்டு அடுத்தவருக்காக யார் கயிறு பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். எட்டு வயதுக் குழந்தை பிடிக்கும், பிளஸ் டூ அண்ணன் பேரம் பேசுவான்.

1961-ல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக் குளிப்பு. 1973-ல் இங்கே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள்ளேயே முத்தை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். கல்லில் கால் வைத்து முத்துக்காக இறங்கிய தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் இன்று தாத்தாக்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: "தாத்தா, உங்க கயித்த மேல யார் பிடிச்சா?" என்ன எடுத்தார், எவ்வளவுக்கு விற்றார் என்பது மறந்திருக்கலாம். அந்தப் பெயர் மறந்திருக்காது.