இனிப்புநீருக்கும் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்'



தீபாவளி நெருங்கும் வாரங்களில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் சேலைக்கும் முறுக்குக்கும் நடுவே மருந்துப் பொடி வியாபாரமும் கூடாரம் போட்டுவிடுகிறது. 'இனிப்புநீர் அடியோடு குணமாகும்' என்று கொட்டை எழுத்தில் தமிழ்ப் பதாகை. மேசை மேல் இலவசப் பரிசோதனைக் கருவி. விரலில் ஒரு குத்து, திரையில் ஓர் எண். அதைப் பார்த்து முதியவர் கலங்கி நிற்கும்போதே பொடி டப்பா அவர் கைக்கு வந்துவிடுகிறது. பெருநாள் கழிவு இன்றோடு முடிகிறது, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். சந்தையில் தப்பியவரை வீட்டில் டிக்டாக் நேரலையும் வாட்ஸாப் காணொளியும் பிடித்துக்கொள்கின்றன.

சேலைக்குக் கழிவு கொடுத்து ஆள் சேர்ப்பதில் குற்றமில்லை. அவசரப்பட்டு வாங்கிய சேலை பிடிக்காவிட்டால் நட்டம் பணத்தோடு போகும். நோயாளியை அவசரப்படுத்துவது அப்படியல்ல. 'குணமாகும்' என்ற சொல்லை நம்பியவர் முதலில் செய்வது, அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பெற்றுவந்த மாத்திரையை நிறுத்துவதுதான்.

இந்த விளம்பரங்கள் சட்ட விரோதமானவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டத்தின் அட்டவணையில் இருபது நோய்கள் இருக்கின்றன. இனிப்புநீர் என்னும் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், புற்றுநோய், இரத்த அழுத்தம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைத் தடுக்கும், தீர்க்கும் என்று எந்தப் பொருளையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றதற்கு அடையாளமாக 'கே.கே.எல்.ஐ.யு.' என்று தொடங்கும் எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். டப்பாவில் 'எம்.ஏ.எல்.' பதிவெண் இருக்கிறதே என்று விற்பவர்கள் காட்டுவார்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்தப் பதிவு தரப்படுவது பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத்தான். நோயைத் தீர்க்கும் என்ற சான்றிதழ் அல்ல அது.

இந்த விளம்பரங்கள் குறிவைக்கும் சமூகம் எது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் நான்கு பேரில் ஒருவருக்கு மேல். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோரை அந்த நிலைக்குத் தள்ளியது நீரிழிவே. தமிழில் பதாகை எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

பொடிக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கவலை. பாரம்பரிய மருந்து என்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் மூட்டுவலி சட்டென்று குறைந்ததாகத் தோன்றும். உள்ளே இரத்தச் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்.

தண்டனையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1956 சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். சேலை விலையைத் தவறாகக் காட்டி ஏமாற்றும் நிறுவனத்துக்கோ 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 250,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. துணிக்கு இருக்கும் பாதுகாப்பு சிறுநீரகத்துக்கு இல்லாமல் போனது எப்படி? ஒரு வாரச் சந்தை வருமானத்திலேயே கட்டிவிடக்கூடிய தொகைக்கு எந்த வியாபாரி அஞ்சுவார்?

இந்தியாவில் இதே போன்ற சட்டம் 1954 முதல் இருந்தும் வெகுகாலம் தூங்கியது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் பதஞ்சலி என்ற ஆயுர்வேத நிறுவனத்தின் மருந்து விளம்பரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தடுத்து நிறுத்தியது. அந்நிறுவனம் நாளேடுகளில் வெளியிட்ட மன்னிப்பு, முன்பு கொடுத்த விளம்பரங்களின் அளவுக்கு இருந்ததா என்று ஏப்ரலில் நீதிபதிகள் கேட்டார்கள். மறுநாளே பெரிய அளவில் மன்னிப்பு வெளியானது. விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று அதே ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்க் கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பொடிக்கும் சாட்சி சொல்லும் முன், தங்கள் குரலை நம்பி மாத்திரையை நிறுத்தப்போகும் ஆளை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தின் மீது இங்கே குறையேதும் சொல்லவில்லை. முறையாகப் பயின்று பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இடம் தந்திருக்கிறது. நோயாளியைப் பார்க்காமலே கூடாரத்தில் டப்பா விற்பவரால் அவர்களுடைய பெயரும் அல்லவா கெடுகிறது?

சுகாதார அமைச்சு அபராதத்தைப் பல மடங்கு உயர்த்த வேண்டும். தீபாவளிச் சந்தைக் கடைகளுக்கு உரிமம் தரும் கோலாலம்பூர் மாநகர் மன்றமும் கிள்ளான் அரச மாநகர் மன்றமும், அனுமதி எண் இல்லாத மருந்துப் பதாகை தொங்கினால் அன்றே கடையை மூடும் நிபந்தனையை உரிமத்தில் சேர்க்க வேண்டும். அமைச்சின் எச்சரிக்கைகள் தமிழிலும் வர வேண்டும், அதுவும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே.

பத்திரிகைகளுக்கும் வானொலிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1956 சட்டம், தடைசெய்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கும் எவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது. விளம்பர வருமானம் குறைந்து தமிழ் ஏடுகள் படும் பாடு வாசகர்களுக்குத் தெரியும். தமிழ் நேசன் நாளேடு 2019இல் நின்றுபோனபோது கலங்காதவர் இல்லை. ஆனாலும், ஆசிரியர் அவர்களே, இனிப்புநீர், சிறுநீரகம், புற்றுநோய் என்று குணம் பேசும் விளம்பரங்களை வாங்குவதில்லை என்று இந்தத் தீபாவளிக்கு முன் உங்கள் ஏடு முதல் பக்கத்தில் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிள்ளான் வாசகர் ஒருவர்