சோலாருக்கு வரிக் குறைப்பு: நமக்கு எவ்வளவு?



சூரிய சக்தி, காற்றாலைக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததை நம்மவர்கள் பலர் பாராட்டிப் பேசினார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் 5 தான் இருந்தது. 2021 அக்டோபரில் 12 ஆக்கினார்கள். எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த 5-ம் நம் பில்லில் 5 ஆக நிற்பதில்லை. பேனல் வாங்கி, மாடியில் பொருத்தி, இணைப்புக் கொடுப்பதை ஒரே ஒப்பந்தமாக விட்டால், மொத்தத் தொகையில் 70 பங்கு சரக்கு, 30 பங்கு வேலை என்று வைத்துக்கொள்கிறார்கள். சரக்குக்கு 5, வேலைக்கு 18. கூட்டிப் பார்த்தால் 8.9 சதவீதம். 6 லட்ச ரூபாய்க்கு வரி 53,400. பழைய 12 சதவீதக் கணக்கில் இது 82,800. மிச்சம் 29,400. நல்லது.

மீதி 53,400 யார் தலையில் விடிகிறது? நான் அரிசி மொத்த வியாபாரி. 26 கிலோ சிப்பமாக விற்கிறேன். 25 கிலோவுக்கு மேல் வரி இல்லை. கிடங்கு மாடியில் சோலார் போடக் கொட்டேஷன் வாங்கி ஆடிட்டரிடம் காட்டினேன். "அண்ணாச்சி, உங்கள் சரக்கு விலக்குச் சரக்கு. இதற்குக் கட்டும் வரியை நீங்கள் எடுக்க முடியாது" என்றார். பக்கத்துக் கடைக்காரர் பெயிண்ட் வியாபாரி. அவர் அதே கருவியைப் போட்டால், கட்டிய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். 5 ஆனாலும் 12 ஆனாலும் அவருக்குச் சில மாதம் பணம் முடங்குவதோடு சரி. காம்போசிஷனில் 1 சதவீதம் கட்டும் சில்லறைக் கடைக்காரர் என் நிலையில்தான் இருக்கிறார். காற்றாலை வைத்து மின்சாரம் விற்பவர்களும் நம் கட்சிதான், மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் அவர்களாலும் எடுக்க முடியாது.

அப்படியானால் முழு விலக்குக் கேட்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அது பழைய விற்பனை வரிக் காலத்து நினைப்பு. இன்று விலக்குக் கொடுத்தால், பேனல் தயாரிப்பவர் அலுமினியத்துக்கும் கேபிளுக்கும் கட்டிய 18 சதவீதத்தை எடுக்க முடியாமல் விலையில் ஏற்றித்தான் அனுப்புவார். 5 சதவீதத்தில் இருந்தால் அதிகப்படியை ரீஃபண்டு கேட்க அவருக்கு வழி உண்டு. அரிசியில் நாம் படும் பாட்டைப் பார்த்த பிறகும் விலக்கு, விலக்கு என்று கேட்பது எனக்குப் புரியவில்லை.

கேட்க வேண்டியது மானியம். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் போடும் வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது. வீட்டைவிட அதிகக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் கடைக்கு ஒரு பைசா இல்லை. 10 கிலோவாட் வரை போடுகிற, வரியை எடுக்க வழியில்லாத கடைக்காரருக்கு, அவர் கட்டிய வரி அளவுக்காவது மானியம் தர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வெறும் தீர்மானம் அனுப்பினால் அது கோப்பில் தூங்கும். சோலார் போட்ட உறுப்பினர்கள், வரியை எடுத்தீர்களா இல்லையா என்று பில் நகலில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள், மனுவோடு இணைக்கலாம். என் கொட்டேஷன் நகலை நான் கொடுத்துவிட்டேன்.